அச்ச நினைவு: மூளையில் பயம் பதியும் விதத்தை அறிந்த வரலாறு

அச்ச நினைவு என்பது, ஓர் ஆபத்தையும் அது நேர்ந்தபோது உடனிருந்த ஒலி, மணம், இடம், வேளை ஆகியவற்றையும் மூளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்துக்கொள்வதாகும். பிற நினைவுகளிலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடுகிறது. பெருக்கல் வாய்ப்பாட்டைப் பல நாள் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அச்சம் ஒரே முறையில் பதிந்துவிடக்கூடும். சொல்லாமல் விட்டால் வாய்ப்பாடு மறந்துபோகும்; அச்சமோ போய்விட்டதுபோல் தோன்றிப் பின்னர் மீண்டும் எழும். இந்த இரண்டுக்கும் மூளையில் என்ன காரணம் என்று கண்டறிய ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆய்வில் பெங்களூரில் கிடைத்த முடிவுகளுக்கும் முக்கியமான இடம் உண்டு.

மழைக்கு அஞ்சும் ஊர்கள்

சென்னையின் தென்புறத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஏரியோடு அமைந்த ஊர் பீர்க்கன்கரணை. தனிப் பேரூராட்சியாக இருந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அதற்கு முந்தைய நவம்பர் மழையிலேயே சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பியிருந்தன. அடையாற்றின் மேற்பகுதி ஏரிகளிலிருந்து வந்த உபரிநீர் ஆற்றில் சேர, முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் பல வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. மாடிகளில் ஒதுங்கியிருந்தவர்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின.

அதன் பிறகு இந்தப் பகுதிகளில் மழைக்காலம் பழைய மழைக்காலமாக இல்லை. இரவில் மழை வலுத்தால் விளக்கைப் போட்டுத் தெருவைப் பார்ப்பதும், அடிப்படியில் தண்ணீர் ஏறுகிறதா என்று அளப்பதும் வழக்கமாயின. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இது முன்னெச்சரிக்கை, அறிவுள்ள செயல். அச்ச நினைவு வேறு. மழை நின்ற பின்னும் உறக்கம் வராமல் கிடப்பதும், மேல்தொட்டி நிரம்பி வழியும் ஓசைக்கே நெஞ்சு படபடப்பதும்தான் அச்ச நினைவு. இரண்டையும் ஒன்றாக எண்ணி, "இன்னுமா பயப்படுகிறாய்" என்று கேலி செய்வது வீடுகளில் நடப்பதுதான். கேலிக்கு ஆளாவோர் பெரும்பாலும் குழந்தைகளும் முதியவர்களும்.

தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என நான்காக வகுத்தது. அச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அது விடை. வந்த அச்சம் உள்ளே எங்கே தங்குகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் கேள்வி. தற்செயலாக, அந்தக் கேள்வியை வலுவாக எழுப்பிய நிகழ்வுகளுள் ஒன்றும் ஒரு வெள்ளமே.

லெனின்கிராடு வெள்ளமும் பாவ்லோவின் நாய்களும்

இவான் பாவ்லோவின் பெயரைக் கேட்டதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது மணியோசையும் எச்சில் ஊறும் நாயும். உணவு வருமுன் ஓர் ஒலியைத் தொடர்ந்து கேட்கச் செய்தால், பின்னர் அந்த ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊறும். இது ஆக்கநிலையுறுத்தல் எனப்படுகிறது. ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்கள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே பாவ்லோவை விட்டுவிடுகின்றன. அடுத்து நடந்ததுதான் சுவையானது.

1924 செப்டம்பரில் லெனின்கிராடு நகரில் நேவா ஆறு பெருக்கெடுத்து, பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து நாய்க் கொட்டில்களுக்குள் புகுந்தது. பணியாளர்கள் நாய்களை நீந்தச் செய்து வேறு கட்டடத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். நாய்கள் பிழைத்தன. ஆனால் அவற்றுள் சிலவற்றுக்கு, பல மாதப் பயிற்சியில் கற்றுக்கொடுத்த பழக்கங்கள் அனைத்தும் காணாமற்போயின. ஒலி கேட்டால் எச்சில் ஊறவில்லை. உணவை வைத்தாலும் தின்ன மறுத்தன. பாவ்லோவின் உடனுழைப்பாளர் ஸ்பெரான்ஸ்கி அத்தகைய ஒரு நாயைக் கவனித்துவந்தார். சோதனை செய்பவர் அறைக்குள் நாயோடு இருந்தால் பழைய பழக்கங்கள் திரும்பின. அவர் வெளியேறினால் மறைந்தன. மெல்ல மெல்ல அது தேறியது. பிறகு ஒருநாள், நாய் இருந்த அறையின் கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். நாய் பதறி எழுந்தது. தேறி வந்த பழக்கங்கள் மறுபடி போய்விட்டன.

கதவுக்கடியில் கசியும் தண்ணீர் நாயை மூழ்கடிக்கும் அளவு இல்லை. ஆயினும் வெள்ளத்தின் முதல் அறிகுறி அதுவே. மூளை சேமித்துவைத்தது வெள்ளத்தின் அளவை அன்று, அதன் அறிகுறியை.

அதே காலத்தில் அமெரிக்காவில் குழந்தைகளின் அச்சமும் ஆராயப்பட்டது. 1920-இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும், வெள்ளெலியிடம் அஞ்சாத பதினொரு மாதக் குழந்தை ஒன்று எலியைத் தொடும்போதெல்லாம் அதன் பின்னால் இரும்புத் தண்டில் சுத்தியால் ஓங்கி அடித்தார்கள். சில முறைகளிலேயே குழந்தை எலியைக் கண்டு அழத் தொடங்கியது. பிறகு முயலுக்கும் நாய்க்கும் ரோம ஆடைக்கும்கூட அஞ்சியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழியை உளவியல் 'பொதுமைப்படுத்தல்' என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்ட இடம் இது. அந்தக் குழந்தையின் அச்சத்தைப் போக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். அறிவியலின் பெயரால் செய்ததானாலும் அது கொடுமைதான்; இன்று எந்த ஆய்வு நெறிக் குழுவும் இதற்கு இசைவு தராது. இதற்கு மாறாக, 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த உணவைத் தந்து, அவன் உண்ணும்போது முயலை நாளுக்கு நாள் சற்றே அருகில் கொண்டுவந்தார். இறுதியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். வாட்சனின் பெயர் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. ஜோன்ஸின் பெயர் சிலவற்றில்தான் இருக்கிறது.

ஊசியும் கைகுலுக்கலும்

அச்சம் பதியும் இடமும் செய்தி பதியும் இடமும் ஒன்றல்ல என்ற ஐயத்தை முதலில் கிளப்பியது ஒரு சிறிய ஊசி. ஜெனீவாவில் எட்வார்ட் கிளாபரேட் என்ற மருத்துவரின் நோயாளிகளுள் ஒரு பெண், எதையும் சில நிமிடங்களுக்குமேல் நினைவில் வைக்க இயலாதவர். மருத்துவரையே ஒவ்வொரு நாளும் புதியவராகத்தான் பார்ப்பார். ஒருநாள் கிளாபரேட் விரல்களுக்கிடையே ஊசியை மறைத்துக்கொண்டு அவருக்குக் கைகொடுத்தார். சிறிது நேரத்தில் ஊசி குத்திய செய்தியையே அந்தப் பெண் மறந்துவிட்டார். ஆனால் மறுமுறை கை நீட்டியபோது, ஏன் என்று சொல்லத் தெரியாமலேயே தம் கையை இழுத்துக்கொண்டார். கிளாபரேட் இதை 1911-இல் எழுதினார்.

இந்த ஐயம் உறுதிப்பட 84 ஆண்டுகள் ஆயின. 1995-இல் அயோவாவைச் சேர்ந்த பெச்சாராவும் தமாசியோ தம்பதியரும் மூளை பாதிக்கப்பட்ட நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். குறிப்பிட்ட ஒரு நிறம் திரையில் தோன்றும்போது திடுக்கிடவைக்கும் பேரொலி எழுந்தது. நலமுள்ளவர்களுக்குச் சில முறைக்குப் பின் அந்த நிறத்தைக் கண்டாலே உள்ளங்கை வியர்த்தது. ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை இழந்தவருக்கு உள்ளங்கை வியர்த்தது. ஆனால் எந்த நிறத்தோடு ஒலி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அமிக்டலா என்ற பகுதியை இழந்தவரோ எந்த நிறம் என்று சரியாகச் சொன்னார். அவர் உள்ளங்கை வியர்க்கவேயில்லை.

தாம்பரத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைக்கு அருகில். முடிச்சூர் அதற்கு மேலே, ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது. ஆகவே செம்பரம்பாக்கத்தில் மதகு திறப்பது முடிச்சூரை நேராக மூழ்கடிப்பதில்லை. இதை நன்கு அறிந்த ஒருவருக்கும், தொலைக்காட்சியில் "செம்பரம்பாக்கம்" என்ற பெயர் ஓடினால் வயிறு கலங்கலாம். அறிந்திருப்பது மூளையின் ஓர் இடம். கலங்குவது வேறோர் இடம். விளக்கிச் சொல்வதால் மட்டும் அச்சம் தணியாததற்கு இது ஒரு காரணம்.

அமிக்டலா

பக்கமடல்களின் உட்புறத்தில், இரு பக்கமும் ஒவ்வொன்றாக, பாதாம்பருப்பு வடிவில் உள்ள நரம்புத் திரளே அமிக்டலா. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குப் பாதாம் என்றே பொருள். பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டுவிட்டது. பணி தெரிய வெகுகாலம் ஆனது. 1930-களின் இறுதியில் சிகாகோவில் ஹைன்ரிக் கிளூவரும் பால் பூசியும் பக்கமடல்கள் அகற்றப்பட்ட குரங்குகள் பாம்புக்குக்கூட அஞ்சாததைக் கண்டனர். அவர்கள் அகற்றிய பகுதி பெரிது. அதில் அமிக்டலாவின் இழப்பே அச்சமின்மைக்குக் காரணம் என்று 1956-இல் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் காட்டினார்.

1980-களில் நியூயார்க்கில் ஜோசப் லெடூ, எலிக்கு ஓர் ஒலியையும் உடன் காலில் சிறு மின்னதிர்ச்சியையும் தந்தார். பிறகு ஒலி மட்டும் கேட்டாலே எலி அசையாமல் உறைந்து நின்றது. அந்த ஒலி காதிலிருந்து எந்த வழியாகச் சென்று அச்சமாகிறது என்று அவர் ஒவ்வொரு நிலையமாகத் துண்டித்துப் பார்த்தார். ஒலியை ஆராய்ந்து அறியும் பெருமூளைப் புறணியை நீக்கியபோதும் எலி அச்சத்தைக் கற்றது. அதற்கு முந்தைய நிலையமான தலாமஸையோ அமிக்டலாவையோ சிதைத்தபோது கற்கவில்லை. தலாமஸிலிருந்து அமிக்டலாவுக்கு நேராக ஒரு குறுக்குவழி இருப்பது இதனால் தெரிந்தது. ஒலி என்னவென்று புறணி ஆய்ந்து முடிக்குமுன்பே குறுக்குவழியில் செய்தி போய்ச் சேர்ந்து, உடல் துள்ளிவிடுகிறது. கயிற்றைப் பாம்பென்று எண்ணிக் குதித்துவிட்டுப் பிறகு சிரிப்பது இப்படித்தான்.

அமிக்டலாவை 'அச்சத்தின் இருப்பிடம்' என்று ஒரே சொல்லில் முடிப்பது இன்றைய இதழ்களில் வழக்கமாகிவிட்டது. லெடூவே பின்னாளில் அதை ஏற்கவில்லை. அமிக்டலா செய்வது ஆபத்தின் அறிகுறியைக் கண்டு உடலைத் தயார்ப்படுத்துவது. 'நான் அஞ்சுகிறேன்' என்று உணர்வதற்கு மூளையின் மற்ற பகுதிகளும் வேண்டும் என்று அவர் எழுதினார். இதற்கு வலுவான சான்று ஒன்றும் கிடைத்தது. இரு பக்க அமிக்டலாவையும் நோயால் இழந்து, பாம்பைக் கண்டும் அஞ்சாத ஒரு பெண், கரியமில வாயு கூடுதலாகக் கலந்த காற்றைச் சுவாசித்தபோது மூச்சு முட்டிப் பெரும் பீதி அடைந்ததாக 2013-இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். வெளியிலிருந்து வரும் ஆபத்தும் உடலுக்குள்ளிருந்து எழும் ஆபத்தும் ஒரே வழியில் வருவதில்லை.

நரம்பணுக்களுக்கிடையே நடப்பது

பதிவு என்பது எதன் மாற்றம்? ஒருசேர இயங்கும் நரம்பணுக்களின் இணைப்பு வலுப்பெறும் என்று 1949-இல் டொனால்டு ஹெப் ஊகித்தார். 1973-இல் டிம் பிளிஸும் டெரியே லோமோவும் முயலின் ஹிப்போகேம்பஸில் அத்தகைய வலுவூட்டலை நேரில் அளந்தனர். அச்சம் கற்கும்போது அமிக்டலாவிலும் இதே வகை மாற்றம் நிகழ்கிறது என்று 1997-இல் தெரியவந்தது. ஆபத்து வேளையில் சுரக்கும் அட்ரினலின் போன்ற சுரப்புகள் இந்தப் பதிவை மேலும் ஆழமாக்குகின்றன. சாதாரண நாளில் உண்ட உணவு மறந்துபோக, வெள்ளத்தன்று மொட்டைமாடியில் பகிர்ந்துண்ட பிஸ்கட் பொட்டலம் நினைவில் நிற்பது இதனால்தான்.

பெங்களூரில் கிடைத்த விடை

அதிர்ச்சி நேர்ந்த அன்று நன்றாகவே இருந்தவர், சில நாள் கழித்து உறக்கமிழந்து தவிப்பதுண்டு. "அப்போது வராத பயம் இப்போது ஏன்" என்று உறவினர் வியப்பர்; நடிப்பு என்றுகூடச் சிலர் எண்ணுவர். இதற்கு விலங்குகளில் ஒரு விடை பெங்களூரில் கிடைத்தது.

தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாள் அசையமுடியாமல் அடைத்துவைத்தது. நெருக்கடி மூளையைத் தேய்க்கும் என்பது அன்றைய பொதுக்கருத்து. ஹிப்போகேம்பஸில் அப்படியே நடந்தது. நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. ஆனால் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்திருந்தன. 2002-இல் வெளியான இந்த முடிவு பலரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. பிறகு அந்த எலிகளை 21 நாள் தொல்லையின்றி விட்டார்கள். ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே இருந்தது.

2005-இல் வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. இம்முறை ஒரே ஒரு தடவை, 2 மணி நேரம் மட்டும் அடைத்தார்கள். மறுநாள் பார்த்தால் அமிக்டலாவில் எந்த மாற்றமும் இல்லை. எலியும் இயல்பாக இருந்தது. பத்தாம் நாள் பார்த்தபோது, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடும் நுண்முட்கள் அமிக்டலாவில் கூடியிருந்தன. எலி திறந்த இடத்துக்கு வர அஞ்சியது. காயம் ஒருநாளில் நேர்ந்தது. அதன் தடம் வளரப் பத்து நாள் ஆயிற்று. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் வெள்ளம் வடிந்து, நிவாரணம் கொடுத்து, 'எல்லாரும் நலம்' என்று கணக்கெடுத்து முடிக்கும் நாளுக்குப் பிறகுதான் கவனம் கூடுதலாக வேண்டும் என்பதற்கு இது ஓர் ஆதாரம்.

அழிவதில்லை, அடங்குகிறது

ஒலியை மின்னதிர்ச்சியின்றித் தொடர்ந்து கேட்கச் செய்தால் எலியின் அச்சம் குறையும். இதை 'அழிதல்' என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. பொருத்தமற்ற பெயர். அழிந்ததாகத் தோன்றிய பழக்கம் சில நாள் இடைவெளிக்குப் பின் தானே தலைகாட்டுவதைப் பாவ்லோவே கண்டிருந்தார். பழைய பதிவு அமிக்டலாவில் இருக்க, 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதிய பதிவு அதன்மேல் ஏறி அதை அடக்கிவைக்கிறது. அந்தப் புதிய பதிவில் மூளையின் முன்பகுதிக்குப் பங்குண்டு என்று 2002-இல் மிலாடும் குவர்க்கும் காட்டினர். பதிவு இரண்டானால் எது வெல்லும் என்பது இடத்தையும் வேளையையும் பொறுத்தது. மதுரையில் உறவினர் வீட்டில் மழையோசைக்கு நிம்மதியாக உறங்கிய குழந்தை, முடிச்சூருக்குத் திரும்பிய முதல் மழையிலேயே விழித்து அழலாம். எதிர்பாராத ஒரு புதிய அதிர்ச்சியும் அடங்கிய அச்சத்தை எழுப்பிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடி தண்ணீர் சூழ்ந்தபோது, எட்டு ஆண்டுகளில் கற்ற அமைதி பல வீடுகளில் ஓரிரவில் கலைந்திருக்கும்.

பழைய பதிவையே மாற்ற முடியுமா என்ற கேள்வியும் உண்டு. 2000-இல் கரீம் நாடெர், ஷேஃப், லெடூ ஆகியோர், நினைவுகூரப்படும் அச்சம் சிறிது நேரம் இளகி மீண்டும் இறுகுகிறது என்று கண்டனர். அந்த இடைவெளியில் எலியின் அமிக்டலாவில் புரத ஆக்கத்தைத் தடுத்தபோது, அச்சம் பிறகு வெளிப்படவில்லை. மனிதரிடம் இதைச் சிகிச்சையாக்கும் முயற்சிகள் சில இடங்களில் பலித்தன, சில இடங்களில் பலிக்கவில்லை.

இப்போதைக்கு நம்பத்தக்க வழி புதிய பதிவை வலுப்படுத்துவதே. அதற்கு இடையூறாக நிற்பது தவிர்த்தல். மழை தொடங்கியதும் சன்னலை அடைத்து, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி, குழந்தையின் காதைப் பொத்தும் வீட்டில், மழை ஆபத்தின்றியும் பெய்யும் என்பதைக் குழந்தை கற்க வாய்ப்பே கிடைப்பதில்லை. அன்பினால் செய்வதுதான், ஆனால் அச்சத்தைக் காப்பாற்றிவைக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் மணற்காடு முகாமில் இது தொடர்பான ஒரு முயற்சி நடந்தது. போரையும் கண்டு அலையையும் கண்ட 31 தமிழ்க் குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் குழந்தைகள் தம் வாழ்க்கைக் கதையைப் பிறந்தது முதல் வரிசையாக, அலை வந்த நாளையும் விடாமல், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகரிடம் சொன்னார்கள். மற்றக் குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் தரப்பட்டன. இரண்டு குழுவுக்கும் ஆறு அமர்வுகள். 2009-இல் கட்டானி, நாய்னர் முதலியோர் வெளியிட்ட முடிவின்படி, ஆறு மாதம் கழித்து முதற்குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தனர். எந்த உதவியும் பெறாத மூன்றாவது குழு ஒன்று இல்லாததால், தானே தேறியவர் எத்தனை பேர் என்று இந்த ஆய்விலிருந்து பிரித்தறிய முடியாது. இரு குழுக்களிலும் குழந்தைகளோடு அமர்ந்திருந்தவர்கள் அவர்கள் மொழி பேசும் அந்த வட்டாரத்து மக்களே.